மலைச்சரிவிலும் நிற்காத ஃபைபர் இணைப்பு: தடமும் கட்டணமும் திட்டமிடும் முறை

நீலகிரியில் கோத்தகிரியை அடுத்த சில ஹட்டிகளுக்கு (படுகர் ஊர்களுக்கு) ஃபைபர் இணைய இணைப்பு கொடுத்துவருகிறேன். ஓர் ஐப்பசி மழையில், இரண்டு நிறுவனங்களிடம் தனித்தனியே வாடகைக்கு எடுத்திருந்த, சமவெளியிலிருந்து இணையத்தைக் கொண்டுவரும் இரண்டு தடங்களும் ஒரே நொடியில் அறுந்தன. மண் சரிந்த கொண்டை ஊசி வளைவில் இறங்கிப் பார்த்தால், இரண்டு கேபிள்களும் ஒரே குழாய்க்குள் கிடந்தன.

முதலில் தடம். 99 விழுக்காடு இயங்கும் தடம், ஆண்டின் 8,760 மணி நேரத்தில் ஏறத்தாழ 88 மணி நேரம் நிற்கும். ஒன்றையொன்று சாராத இரண்டு தடங்கள் இருந்தால், இரண்டும் சேர்ந்து நிற்பது 53 நிமிடம்தான். ஒரே குழாயில் சென்றாலோ, இரட்டை வாடகை கட்டியும் அந்த 88 மணி நேரம் குறையாது. ஆகவே நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு வழியைக் கேளுங்கள், வரைபடத்தை எழுத்து மூலம் பெறுங்கள், பிறகு நடந்தே சரிபாருங்கள். இப்போது என் ஒரு தடம் கோத்தகிரிச் சாலையிலும் மற்றது குன்னூர், பர்லியாறு வழியாகவும் இறங்குகின்றன. இரண்டும் மேட்டுப்பாளையத்தில் சேர்வது குறைதான். ஆனால் சமவெளியில் அறுந்தால், சாலை திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்து ஒளி இழப்பு. ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஜிபான் முறையில், பி பிளஸ் வகைக் கருவி 28 டெசிபல் வரை ஒளி இழப்பைத் தாங்கும். ஒளியை 32 வழியாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்கு 17.5, எட்டு கிலோமீட்டர் ஃபைபருக்கு 2.8, நான்கு கனெக்டருக்கு 2, பத்து ஸ்பிளைசுக்கு (ஃபைபரை ஒட்டும் ஜாயின்ட்) 1 என 23.3 ஆகிறது. இதற்கு மேல் 3 டெசிபலைக் கட்டாயம் ஒதுக்குங்கள். கற்பூர மரம் விழுந்து அறுபடும் இடத்தில் புதுத் துண்டு சேர்க்கும்போதெல்லாம் இரண்டு ஜாயின்ட் கூடும். பழுது தேட, ஒளித் துடிப்பை அனுப்பி அறுந்த இடத்தின் தொலைவைக் காட்டும் ஓ.டி.டி.ஆர் கருவியையே நம்புகிறேன். பவர் மீட்டர் இழப்பின் அளவைக் காட்டுமே தவிர, இடத்தைக் காட்டாது.

பிறகு கட்டணம். இரண்டாம் தடத்தின் வாடகை மாதம் 12,000 ரூபாய், இணைப்புகள் 300 என்று வைத்துக்கொண்டால், ஓர் இணைப்புக்கு 40 ரூபாய் வரும். அதை மாதக் கட்டணத்திலேயே சேர்த்து, காரணத்தையும் ரசீதில் எழுதிவிடுவதே நேர்மையானது. மாற்றுத் தடத்தில் பாதி வேகம் வாங்கினால் போதும். மழை நாளில் வேகம் குறைந்தாலும் இணைப்பு இருக்கும்.

பின்சேர்க்கை: கொடைக்கானலிலிருந்து ஒரு வாசகர், வத்தலக்குண்டு சாலையிலும் பழனி சாலையிலுமாகத் தடங்களைப் பிரித்தும், மின்தடையில் எல்லாம் அணைந்துவிட்டதாக எழுதியிருந்தார். இரண்டு தடங்களும் அவருடைய அறையில் ஒரே நெட்வொர்க் சுவிட்சில், ஒரே இன்வெர்ட்டரில் முடிந்திருந்தன. அவற்றையும் இரண்டாக்கி, அந்தச் செலவையும் மேற்கண்ட கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.