மலையகச் சங்கங்களுக்கு நிதி கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தின் சின்னச் சங்கங்களுக்கு உதவ கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பலர் வருகிறார்கள். மனசு நல்லதுதான், கொடுக்கும் விதத்தில்தான் கோளாறு.

'நிர்வாகச் செலவுக்குத் தரமாட்டோம்' என்ற பிடிவாதத்தை முதலில் விடுங்கள். தையல் மெஷின் வாங்கலாமாம். மெஷின் இருக்கும் அறைக்கு வாடகை, கரண்ட் பில், கணக்கு எழுதும் பிள்ளைக்குச் சம்பளம் எதுவும் கூடாதாம். அப்புறம் பற்றுச்சீட்டுகள் ஏன் ஒழுங்காக இல்லை என்று அவர்களே கேட்பார்கள்! அமெரிக்க அரசே தன் மானியங்களில் இப்படிப்பட்ட மறைமுகச் செலவுக்கென்று தனியாக விகிதம் பேசி வைக்காத அமைப்புகளுக்கு அனுமதிக்கும் அளவை 2024 ஒக்டோபரில் நூற்றுக்கு 10இலிருந்து 15 ஆக உயர்த்திவிட்டது.

கையெழுத்திட்ட வரவுசெலவுத் திட்டத்தைக் கல்வெட்டாக நினைப்பது அடுத்த தவறு. 2022 தொடக்கத்தில் லீட்டர் 177 ரூபாயாக இருந்த பெட்ரோல் ஜூன் கடைசியில் 470 ரூபாய். ஹட்டனிலிருந்து மஸ்கெலியாப் பக்கத் தோட்டங்களுக்குப் போய்வரும் ஆட்டோக்காரர் பழைய கூலிக்கு வருவாரா? ஒரு தலைப்பில் மிஞ்சியதை இன்னொன்றுக்குக் குறிப்பிட்ட அளவு வரை கேட்காமலே மாற்றலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், பெரிய அநியாயம் நாள் குறிப்பதில்தான் நடக்கிறது. பார்வையிட வருகிறவர்கள் தங்களுக்கு வசதியான புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் வைக்கிறார்கள். அந்நேரம் பெண்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். இறங்கி வந்தால் குறித்த கிலோ சேராது, அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். இரண்டு மணி நேரப் பேச்சுக்கு அரைநாள் சம்பளத்தை இழக்க யார் வருவார்? வராவிட்டால் அறிக்கையில் 'பங்கேற்பு குறைவு' என்று ஏறும். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், இல்லையா, அவர்கள் இழக்கும் சம்பளத்துக்கான காசைத் திட்டத்திலேயே போடுங்கள். தோட்டத்துக்குள் கூட்டம் வைக்க நிர்வாகத்திடம் அனுமதி வாங்கவும் நாள் பிடிக்கும். அந்தத் தாமதத்தைச் சங்கத்தின் தலையில் கட்டாதீர்கள்.

விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் மட்டும் கேட்டால், நன்றாக எழுதத் தெரிந்த கொழும்பு அமைப்புக்குத்தான் காசு போகும். 1987இலேயே அரசகரும மொழியான தமிழில் விண்ணப்பம் வாங்க என்ன தயக்கம்? தொகை சின்னதென்றால் போனில் பேசியே விபரம் எடுக்கலாம்.

ஒரு வருடத்துக்கு மட்டும் கொடுப்பது இன்னொரு பழக்கம். ஆள் பிடித்துப் பழக்குவதற்குள் வருடம் முடிந்துவிடும். மூன்று வருடமாவது கொடுங்கள். சரி, முடியாதா, நிறுத்தப்போவதை மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கணக்கு எழுதும் அந்தப் பிள்ளை வேறு வேலையாவது தேடிக்கொள்ளும்.