டிஸ்க் தெரியவில்லையா? கிளீன் அடிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

விண்டோஸ் போட உட்கார்ந்து, எந்த டிரைவில் போடுவது என்று கேட்கும் திரைக்கு வந்தால் அங்கே எதுவுமே இல்லை. இல்லாவிட்டால் டிஸ்க் இருக்கிறது, ஆனால் 'இதில் போட முடியாது' என்கிறது. பலரும் உடனே டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டுவார்கள், அல்லது கமாண்டைத் திறந்து 'கிளீன்' கட்டளையால் எல்லாவற்றையும் அழிப்பார்கள். இரண்டுமே அவசரம். கோளாறு பயாஸிலேயே (விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) இருக்கிறதா, இன்ஸ்டாலரிலா, போட்டு முடித்து ரீஸ்டார்ட் ஆன பிறகா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

பயாஸிலேயே டிஸ்க்கின் பெயர் வரவில்லை என்றால் விண்டோஸ் பக்கம் போகவே வேண்டாம். சாட்டாவில் (டிஸ்க்கைக் கேபிளால் மதர்போர்டில் இணைக்கும் முறை) இரண்டு கேபிள்: 7 தொடுமுனை உள்ளது டேட்டா, 15 உள்ளது பவர். டேட்டா கேபிளை மாற்றி, மதர்போர்டில் வேறு போர்ட்டில் செருகுங்கள். போர்ட்டை மாற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் (கேபிள் இல்லாமல் நேராகச் செருகும் இடம்) எஸ்எஸ்டி ஏறியதும் சாட்டா போர்ட்டுகளில் ஒன்றோ இரண்டோ தானாக அணைந்துவிடும். எந்த போர்ட் என்பது மேனுவலில் இருக்கும். அதைப் பார்க்காமல் புது டிஸ்க்கைக் கடையில் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. எம்.2 வடிவில் வரும் சாட்டா எஸ்எஸ்டி இன்னொரு குழப்பம். ஸ்லாட்டில் சரியாக உட்காரும், திருகும் போட்டுவிடலாம், ஆனால் அந்த ஸ்லாட் என்விஎம்இ என்ற வேறு வகை எஸ்எஸ்டிக்கு மட்டும் என்றால் கடைசி வரை தெரியாது.

பவர் கேபிளில் செய்யும் தவறு டிஸ்க்கையே காவு வாங்கும். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ்களில் (கணினியின் பவர் சப்ளை), ஒரு பிராண்டின் கேபிளை இன்னொன்றில் மாட்டாதீர்கள். பிளக் பொருந்தும். ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் எந்தக் கம்பி எங்கே வரும் என்பதற்குப் பொது விதி கிடையாது. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் டிஸ்க்கின் போர்டு அந்த நொடியே எரிந்துவிடும்.

பயாஸில் தெரிகிறது, இன்ஸ்டாலரில் மட்டும் இல்லை என்றால் பெரும்பாலும் சாட்டா மோடுதான் காரணம். பயாஸில் 'சாட்டா மோடு', 'சாட்டா ஆப்பரேஷன்', 'கண்ட்ரோலர் மோடு' என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும். அது ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) அல்லது இன்டெல் ஆர்எஸ்டி என்று வைக்கப்பட்டிருந்தால், அதற்கான டிரைவர் இன்ஸ்டாலரிடம் இல்லாதபோது டிஸ்க் கண்ணில் படாது. ஒரே டிஸ்க், ரெய்டு எதுவும் அமைக்கவில்லை, உள்ளே காப்பாற்ற வேண்டியதும் இல்லை என்றால் ஏஎச்சிஐ என்ற சாதாரண மோடுக்கு மாற்றிவிடுங்கள். அதுதான் சுருக்கமான வழி. ரெய்டு தேவை என்றால் 'லோடு டிரைவர்' கொடுக்க வேண்டும். இங்கே பலர் தடுக்குவது, இறக்கிய செட்டப் ஃபைலை அப்படியே பென் டிரைவில் போடுவதால். இன்ஸ்டாலர் அதைத் தொடாது. வேறு கணினியில் அதைப் பிரித்து, ஐஎன்எஃப் ஃபைல் இருக்கும் ஃபோல்டரைப் போட வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கோடு, அதை வேகப்படுத்தும் இன்டெல் ஆப்டேன் 16 ஜிபி சேர்ந்து வந்த லேப்டாப்களில் மட்டும் நிதானம் தேவை. பழைய விண்டோஸுக்குள் போய் ஆப்டேனை முடக்கிய பிறகே மோடை மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதை ஒழுங்காகப் படிக்க முடியாமல் போகலாம். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால், பயாஸில் கை வைத்ததும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். அதை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

விண்டோஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் மோடை மட்டும் ஏஎச்சிஐக்கு மாற்றினால் நீலத் திரையில் 'இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்' வரும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி ஓஎஸ் போடத் தேவையில்லை. பழைய மோடுக்கே திரும்பி விண்டோஸைத் திறந்து, எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் பூட் டேபில் 'சேஃப் பூட்', 'மினிமல்' தேர்ந்தெடுங்கள். ரீஸ்டார்ட் செய்து நேராக பயாஸுக்குப் போய் ஏஎச்சிஐ வையுங்கள். சேஃப் மோடில் ஒருமுறை ஏறியதும் டிரைவர் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்த டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் போதும். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம், அதனால் பாஸ்வேர்டு நினைவில் இருக்கட்டும்.

டிஸ்க் தெரிந்தும் 'எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் இருக்கிறது, ஜிபிடியில்தான் போட முடியும்' என்று வந்தால் டிஸ்க் மேல் குற்றமில்லை. பென் டிரைவ் யுஇஎஃப்ஐ என்ற புது பூட் முறையில் ஏறியிருக்கிறது, அது ஜிபிடி என்ற புது பிரிப்பு முறையைக் கேட்கிறது, டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் இருக்கிறது, அவ்வளவுதான். பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் சில சமயம் இரண்டு முறை வரும். யுஇஎஃப்ஐ என்று முன்னால் போட்டது ஒன்று, போடாதது ஒன்று. போடாததைத் தேர்ந்தால் இந்த மெசேஜ் மறையும், விண்டோஸ் 10 ஏறியும் விடும். ஆனால் விண்டோஸ் 11 யுஇஎஃப்ஐ கேட்கும் என்பதால் அது தள்ளிப்போட்ட தலைவலிதான்.

டிஸ்க்கில் தேவையானது எதுவும் இல்லை என்றால் இன்ஸ்டாலர் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10ம் சேர்த்து அழுத்தி கமாண்டைத் திறந்து, டிஸ்க்பார்ட் கருவியில் கிளீன், பிறகு கன்வெர்ட் ஜிபிடி. ஆபத்து அதற்கு முந்தைய வரியில், அதாவது எந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில். லிஸ்ட் டிஸ்க் அடித்தால் பெயர் வராது, அளவுதான் வரும். அதுவும் பெட்டியில் போட்ட அளவு அல்ல: 1 டிபி டிஸ்க் 931 ஜிபி, 500 என்றால் 465, 240 என்றால் 223. செருகியிருக்கும் பென் டிரைவும் அந்த வரிசையில் நிற்கும். டிஸ்க் 0 என்றாலே நம் டிஸ்க்தான் என்று நம்பி கிளீன் அடித்தால், அது 'நிச்சயமா?' என்று ஒரு வார்த்தை கேட்காது. ஏற்கெனவே விண்டோஸ் உள்ள டிஸ்க் என்றால் அழிக்காமலே எம்பிஆர்2ஜிபிடி கருவியால் மாற்றலாம். விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து அது கூடவே வருகிறது. அதிகபட்சம் 3 பிரைமரி பார்ட்டிஷன்தான் இருக்கலாம், லாஜிக்கல் பார்ட்டிஷன் இருக்கக் கூடாது. மாற்ற முடியுமா என்று முதலில் வேலிடேட் கொடுத்துப் பாருங்கள். மாற்றிய பிறகு பயாஸிலும் யுஇஎஃப்ஐக்கு மாற வேண்டும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டியபடியே புது எஸ்எஸ்டியில் ஓஎஸ் போடுவது அடுத்த தவறு. போடும்போது எந்தத் தொந்தரவும் தெரியாது. பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே பூட் பார்ட்டிஷன் இருந்தால், இன்ஸ்டாலர் பூட் ஃபைல்களை அங்கேயே வைத்துவிடும். ஆறு மாதம் கழித்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றும் நாளில்தான் கணினி எழாது. ஓஎஸ் போகும் டிஸ்க்கைத் தவிர மற்றவற்றின் டேட்டா கேபிளை உருவி வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை வராது.

முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பின் மறுபடி மொழி கேட்கும் திரையே வருகிறதா? பென் டிரைவிலிருந்தே ஏறுகிறது, அதை எடுத்துவிடுங்கள்.

காப்பியாகும்போது பாதியில் நின்றால் முதலில் பென் டிரைவை மாற்றிப் பாருங்கள், அதுவே காரணமாக இருப்பதுண்டு. அதன் பிறகும் நின்றால் டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டி, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் ஸ்மார்ட் எண்களை (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைப்பவை) பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் சி5 பூஜ்யமாக இல்லை என்றால் படிக்க முடியாத செக்டர்கள் காத்திருக்கின்றன. அதில் ஓஎஸ் போடாதீர்கள், உள்ளதைக் காப்பி எடுங்கள். சி7 ஏறியிருந்தால் கேபிளில் டேட்டா சிதைகிறது, டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். கேபிளை மாற்றினாலும் சி7 எண் குறையாது. இன்று உள்ளதைக் குறித்து வைத்துக்கொண்டு, நாலு நாள் ஓட்டிய பிறகு கூடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.