திருநர் வாழ்க்கையை இசை நாடகமாக்கும்போது எங்கெல்லாம் சறுக்குகிறோம்?

திருநங்கை, திருநம்பி (பெண்ணாக வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்பவர்) என்று திருநர் வாழ்க்கையைப் பாட்டும் ஆட்டமுமாக மேடையேற்றும் ஆசை இப்போது கல்லூரி நாடகக் குழுக்களிடமும் சின்னச் சின்ன நவீன நாடகக் குழுக்களிடமும் நன்றாகவே தெரிகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் எழுதி எடுத்து வருகிற பிரதிகளைப் படித்தால் முக்கால்வாசி ஒரே அச்சில் வார்த்தவை. முதல் காட்சியில் அப்பா பெல்ட்டால் அடிக்கிறார். அடுத்து வீட்டை விட்டு ஓட்டம். பிறகு ரயிலில் கைநீட்டல், போலீஸ் ஸ்டேஷன், ஓர் ஒப்பாரி. கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லோரும் ஜிகினாத் துணி கட்டிக்கொண்டு ஒரு குத்துப்பாட்டுக்கு ஆடிவிட்டு வணக்கம் சொல்கிறார்கள். இதற்குப் பெயர் கொண்டாட்டமாம். இழவு வீட்டில் கிளம்பும்போது கையில் கொடுக்கிற காபிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஒப்பாரிக்குப் பிறகு ஒரு குத்துப்பாட்டு

வலியைக் காட்டவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வலிக்கு மட்டும் பாட்டு எழுதிவிட்டு, சந்தோஷத்தை வசனத்தில் முடித்துக்கொள்கிறோமே, அதுதான் முதல் தவறு. இசை நாடகத்தில் பேச்சு தாங்காத இடத்தில்தான் பாட்டு வர வேண்டும். உங்கள் பிரதியிலிருந்து பாட்டுகளை மட்டும் பிரித்து ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். பக்கத்தில் அந்தப் பாட்டில் என்ன நடக்கிறது என்று ஒரே சொல்லில் குறியுங்கள். அடி, அழுகை, அவமானம், ஏக்கம், அழுகை என்று போனால், நீங்கள் எழுதியிருப்பது பார்வையாளரிடம் இரக்கம் கேட்கிற நாடகம். இரக்கப்பட்டவர் அரங்கை விட்டு வெளியே வந்து பைக்கை எடுத்ததும் மறந்துவிடுவார்.

தன்னைத் தானே கண்டுகொள்கிற வாழ்க்கையில் பாட்டுக்கு ஏற்ற கணங்களுக்குப் பஞ்சமே இல்லை. பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்மில் பெரும்பாலோருக்குப் பெயர் யாரோ வைத்தது. இவர்கள் தாங்களே தேடிப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். நான்கைந்து பெயர்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்து, தோழியைக் கூப்பிடச் சொல்லி, திரும்பிப் பார்த்து, "இது வேணாம்டி, இது எங்க அத்தை பேரு" என்று தள்ளுகிற காட்சியில் ஒரு முழு நகைச்சுவைப் பாட்டு காத்திருக்கிறது. திருநம்பி ஒருவர் முதல்முறை சலூனுக்குள் நுழைகிறார், கடைக்காரர் தலைநிமிராமல் "தம்பி, கட்டிங்கா சேவிங்கா?" என்கிறார். அந்த ஒரு "தம்பி"யில் அவருக்குள் என்ன நடக்கும் என்பதற்கு வசனமே தேவையில்லை, வாத்தியம் போதும். திருநம்பி என்றதும் இன்னொன்று: நம் நாடகங்களில் இவர்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எழுத உட்காரும்போதே திருநங்கை என்றுதான் பேனா போகிறது.

கூவாகத்துக்கு என்ன செய்கிறோம் என்று பாருங்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சித்திரை மாதம் நடக்கிற கூத்தாண்டவர் திருவிழாவில், மகாபாரத அரவானை மணப்பதாகத் திருநங்கைகள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்வார்கள். மறுநாள் தேர், அரவான் களப்பலி, தாலி அறுப்பு, வளையல் உடைப்பு, வெள்ளைச் சேலை. மேடைக்கு வருவது எப்போதும் இந்த இரண்டாம் பாதி மட்டுமே. முந்தின இரவு கற்பூரத்தைக் கொளுத்திச் சுற்றிநின்று கும்மியடிப்பார்களே, வருஷம் பூரா பார்க்காத தோழிகள் விழுப்புரத்து லாட்ஜ் அறைகளில் ஒருத்திக்கொருத்தி தலைபின்னிப் பூ வைத்துவிடுவார்களே, அதெல்லாம் எங்கே போயிற்று? ஒரு இசையமைப்பாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? இன்னொரு பக்கம், கூவாகத்துக்கே போகாத திருநங்கைகளும் ஏராளம். மாதாகோவிலுக்குப் போகிறவர் இருக்கிறார், ஐந்து வேளை தொழுகிறவர் இருக்கிறார், சாமியே கும்பிடாதவரும் இருக்கிறார். நாடகத்தில் ஊர் தெரிய வேண்டும் என்பதற்காக எல்லோரையும் ஒரே தேரில் ஏற்ற வேண்டாம்.

அறுவை சிகிச்சையை உச்சக்காட்சியாக வைப்பதும் இதே வகைதான். வெள்ளைத் திரை, பின்னால் சிவப்பு விளக்கு, ஒரு அலறல். பாலினத்தை அவரவர் தாமே அடையாளப்படுத்திக்கொள்ளலாம், அதற்கு அறுவை சிகிச்சையை வற்புறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2014 ஏப்ரல் 15 அன்று சொல்லிவிட்டது. நாடகக்காரர்களும் இன்னும் சான்றிதழ் கேட்கிறோம். செய்துகொண்டவர்களின் கதை என்றாலும் காட்ட வேண்டியது கத்தி அல்ல. நாற்பதாம் நாள் மஞ்சள் பூசி, புதுச்சேலை கட்டி, பால்குடம் எடுத்துப்போய் நீரில் ஊற்றுகிற சடங்கு இருக்கிறது. சுற்றிலும் உறவுகள், பாட்டு, சாப்பாடு. மேடைக்கென்றே அமைந்த காட்சி.

ஸ்திரீபார்ட் சாக்கு

"நம்ம மரபிலேயே ஆம்பளைங்கதானே பொம்பளை வேஷம் கட்டினாங்க? இதுல என்ன தப்பு?" திருநங்கைப் பாத்திரத்துக்கு ஒரு பையனைப் போட்டுவிட்டு இப்படிக் கேட்கிற இயக்குநர்கள் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகளின் சிறுவர் நாடகக் குழுவான பாலர் சபாவும், தெருக்கூத்தும், ஔவையாராக நடித்து ‘அவ்வை’ என்ற பட்டத்தோடே நிலைத்த டி.கே. சண்முகமும் சாட்சிக்கு இழுக்கப்படுவார்கள். அந்தக் கலைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஸ்திரீபார்ட் நடிகர் விடிந்ததும் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். திருநங்கைக்குக் கலைக்க ஒன்றும் இல்லை. சேலை கட்டிய ஆண் என்று ஊர் அவரைக் கேலி செய்வது போதாதென்று, மேடையில் நிஜமாகவே சேலை கட்டிய ஆணை நிறுத்தி அந்தக் கேலி சரிதான் என்று நிரூபித்துக் கொடுக்கிறோம். கடைசியில் விக்கைக் கழற்றிக் கைத்தட்டு வாங்குகிற வழக்கம் வேறு!

சரி, அப்படியானால் சிரிப்பே கூடாதா? தாராளமாக வேண்டும். யார் மேல் சிரிப்பு விழுகிறது என்பதுதான் கேள்வி. இதற்கு நான் எல்லோரிடமும் சொல்கிற உதாரணம் ‘சம் லைக் இட் ஹாட்’. 1959இல் வந்த அந்த ஹாலிவுட் படத்தில், ஒரு கொலையைப் பார்த்துவிட்ட இரண்டு இசைக்காரர்கள் தாதாக்களுக்குப் பயந்து பெண் வேடத்தில் மகளிர் இசைக்குழு ஒன்றில் சேர்ந்துகொள்வார்கள். மாட்டிக்கொள்வார்களா மாட்டார்களா என்பதே சிரிப்பு. அதே கதை 2022 டிசம்பரில் நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில் இசை நாடகமாக வந்தபோது எழுதியவர்கள் ஒரே ஒரு திருகாணியைத் திருப்பினார்கள். ஜெர்ரி என்ற இசைக்காரர் டாஃப்னி என்று பெயர் போட்டுக்கொண்டு சில நாள் வாழ்ந்த பிறகு, இது வேடமே இல்லை என்று அவருக்கே தெரிந்துபோகிறது. அதைக் கூட்டாளி ஜோவிடம் பாட்டாகச் சொல்கிறார். அழுகையோ மன்னிப்போ கிடையாது. இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்கிற வியப்பும் குதூகலமும்தான். துரத்தல், கதவு மாறி ஓடுதல், டாப் நடனம் என்று பழைய கூத்தெல்லாம் அப்படியே இருக்கிறது. சிரிப்பு மட்டும் டாஃப்னியை விட்டு, புரியாமல் முழிக்கிற ஜோ பக்கம் நகர்ந்துவிட்டது. டாஃப்னியாக நடித்த ஜே. ஹாரிசன் கீ, ஆண் பெண் என்ற இரண்டுக்குள்ளும் தன்னை அடக்கிக்கொள்ளாதவர். 2023இல் இசை நாடகத்துக்கான சிறந்த முதன்மை நடிகர் டோனி விருது அவருக்குக் கிடைத்தது.

அதே பிராட்வேயிலிருந்து கடன் வாங்கக் கூடாத ஒன்றும் உண்டு. 1996இல் வந்த ‘ரென்ட்’ இசை நாடகத்தில் பெண் உடையில் வலம்வரும் ஏஞ்சல் என்ற பாத்திரம்தான் எல்லோரையும் சிரிக்கவைக்கும், சேர்த்துவைக்கும்; இரண்டாம் பாதியில் எய்ட்ஸில் இறந்துபோகும். எய்ட்ஸ் நண்பர்களை வாரிக்கொண்டு போன காலத்து நியூயார்க்கில் அந்தச் சாவுக்கு நியாயம் இருந்தது. நம் பிரதிகளில் அப்படிப்பட்ட காரணம் ஏதும் இருப்பதில்லை. வீட்டார் மனம் மாற வேண்டும், அதற்கு ஒரு பிணம் தேவை, அவ்வளவுதான். அண்ணன் திருந்துவதற்காகத் திருநங்கையைக் கொல்லாதீர்கள்.

எத்தனை கட்டையில் பாடுவது?

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாடகத்தை உள்ளிருந்து கெடுப்பது இதுதான்.

பழைய நாடகக் கம்பெனிகளில் பையன்களுக்குக் குரல் உடைகிற பருவத்தை மகரக்கட்டு என்பார்கள். மகரக்கட்டு வந்துவிட்டால் பாட்டுப் போச்சு, பார்ட்டும் போச்சு. ஆண்தன்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்ளும் திருநம்பிக்கு இதே மகரக்கட்டு இருபது முப்பது வயதில் வருகிறது. குரல் நாண்கள் தடிக்கின்றன; சில மாதங்களில் குரல் இறங்கத் தொடங்கும், அடங்கி நிலைக்க ஓரிரு வருஷங்கள்கூட ஆகலாம். இடையில் மேல்சட்ஜமத்தில் உடையும், கீழே காற்றாகப் போகும். திருநங்கைக்கு நேர்மாறு. பெண்தன்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜென் எடுத்தால் குரல் தானாக மெல்லியதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; ஆகாது. ஒருமுறை தடித்த நாண்கள் அப்படியேதான் இருக்கும். பெண் குரலாக ஒலிப்பது பயிற்சியால் வருவது, அதிலும் சுருதியைவிடத் தொனிக்குப் பங்கு அதிகம்.

இது தெரியாமல் இசையமைப்பாளர் என்ன செய்கிறார்? நாயகி பெண், ஆகவே உயர்ந்த சுருதியான ஐந்து கட்டை என்று, பாடகர் குரல் இல்லாத பின்னணி இசையான மைனஸ் டிராக்கைப் பதிவுசெய்து கொண்டுவந்துவிடுகிறார். ஓர் ஒத்திகையில் பார்த்தது: திருநங்கை நடிகர் அனுபல்லவியில் கழுத்து நரம்பு புடைக்கப் பாடுகிறார், முகத்தில் சந்தோஷம் போய் பயம் வந்துவிட்டது. அக்கா, இன்னும் கொஞ்சம் ஃபீல் வேணும் என்கிறார் இயக்குநர். ஓரமாக உட்கார்ந்திருந்த ஆர்மோனியக்காரர் டிராக்கை நிறுத்தச் சொல்லிவிட்டு தாழ்ந்த சுருதியான ஒன்றரைக் கட்டையில் பெல்லோஸை அழுத்தினார். "இதுல பாடும்மா." அடுத்த வரியிலேயே அந்த அம்மாவின் தோள் தளர்ந்தது, கை தானாக அபிநயம் பிடிக்க ஆரம்பித்தது. ஃபீல் எல்லாம் எங்கேயும் போகவில்லை, சுருதிக்குள்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

ஆகவே பாடுபவரைத் தேர்ந்த பிறகு சுருதியை வையுங்கள். குரல் மாறிக்கொண்டிருக்கிற திருநம்பி பாடுகிறார் என்றால் டிராக்கே வேண்டாம். நேரடி வாத்தியம் வைத்துக்கொண்டு, மேடையேறும் வாரம் வரைக்கும் கட்டையை முடிவுசெய்யாதீர்கள். உடைகிற குரலை மறைக்கவும் வேண்டாம். கதையே தன்னைக் கண்டுகொள்வதைப் பற்றியது என்கிறபோது, பழைய குரல் போய்ப் புதுக்குரல் வருவதை அரங்கத்தின் முன்னாலேயே கேட்கவைக்கிற வாய்ப்பை வேறு எந்தக் கலை தரும்?

மார்பைத் தட்டையாகக் காட்ட இறுக்கும் உள்ளாடையான பைண்டர் அணிகிற திருநம்பிகளுக்கு மூச்சும் குறையும், ஏனென்றால் விலா விரிய இடமிருக்காது. ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வைகளை அதற்கேற்ப உடைத்து எழுதுங்கள், ஒத்திகைகளுக்கு இடையில் கழற்றி வைக்க நேரமும் மறைவான அறையும் கொடுங்கள். பைண்டர் இல்லை என்று கிரேப் பேண்டேஜைச் சுற்றிவிடுகிற உடை அலங்காரக்காரரைப் பார்த்தால் உடனே தடுங்கள். விலா எலும்புக்கே ஆபத்து.

"உன் கதையைச் சொல்லு"

திருநர் ஒருவரைக் குழுவில் சேர்த்ததும் முதல் நாளே வட்டமாக உட்காரவைத்து வாழ்க்கைக் கதையைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. மற்ற நடிகர்களிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. தன் கதையைச் சொல்ல விரும்புகிறவர்கள் தாங்களாகவே மேடை அமைத்துக்கொண்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 2000களில் கண்ணாடிக் கலைக்குழு, 2014இல் லிவிங் ஸ்மைல் வித்யா, ஏஞ்சல் கிளாடி, ஜீ இமான் செம்மலர் தொடங்கிய பன்மை நாடகக் குழு, தன் வரலாற்றைத் தானே தனிநபர் நாடகமாக நடித்த எழுத்தாளர் ரேவதி என்று தமிழில் இதற்கு ஒரு வரிசையே இருக்கிறது. "முதன்முறையாக" என்று நோட்டீஸில் அச்சடிக்கும் முன் கொஞ்சம் விசாரியுங்கள்.

தன் கதையைத் தவிர வேறொன்றையும் அவர் நடிக்கக் கூடாதா என்பது அடுத்த கேள்வி. திருநங்கையான பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் பரத ஆசான் கிட்டப்பா பிள்ளையிடம் தஞ்சை மரபைக் கற்று, இறைவனைக் காதலனாகப் பாவிக்கும் நாயகி பாவத்தில் ஆடித்தான் 2019இல் பத்மஸ்ரீ வரை வந்தார். உங்கள் நாடகத்திலும் வக்கீலாக, கண்டக்டராக, வில்லியாக அவர்கள் வரட்டும். கூடவே, வாய்ப்புக் கொடுத்தோமே என்று சம்பளத்தைக் குறைக்காதீர்கள். தபேலாக்காரருக்கு என்ன பேட்டாவோ அதற்குக் குறையாமல், அதே நாளில்.

காணொளி

நாடகம் முடிந்ததும் கலந்துரையாடல் வைப்பீர்கள். ஆபரேஷன் ஆயிற்றா, பழைய பெயர் என்ன என்ற இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும். பதில் சொல்வது நடிகரின் வேலை இல்லை. மைக்கை வைத்திருப்பவர் அந்த இடத்திலேயே வெட்டிவிட வேண்டும். துண்டறிக்கையில் ஆதார் பெயரைப் போட்டுவிடுகிற அபத்தமும் நடக்கிறது. பெயர்ப் பட்டியலை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவரவரிடமே காட்டுங்கள்.

அதைவிடப் பெரிய விபத்து செல்போனில்தான். குழுவில் ஊரில் சொல்லாதவர், வேலையிடத்தில் சொல்லாதவர் இருக்கலாம். மேடையில் ஆடுவதற்குச் சம்மதித்தவர் யூடியூபுக்கும் சம்மதித்ததாக ஆகாது. இரண்டுக்கும் தனித்தனியாக, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பின்னால் மனம் மாறினால் எடுத்துவிடுவோம் என்று ஒரு வரியும் அதில் இருக்கட்டும். மணி அடித்ததும் செல்போனை உள்ளே வைக்கச் சொல்லி அறிவிப்புக் கொடுத்துவிட்டு, இரண்டு தன்னார்வலர்களைப் பின்வரிசையில் நிறுத்துங்கள். கும்மிப்பாட்டு வரும்போதுதான் அத்தனை போனும் மேலே எழும்.