அடுப்படியில் ஆரம்பிக்கும் ஆங்கிலம்: பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுச் சொற்கள் சொல்லித்தருவது எப்படி?

கடையில் வாங்கும் படச்சுவடியில் ஸ்ட்ராபெர்ரி, சீஸ், சாண்ட்விச் என்று இருக்கும். நம் பிள்ளை காலையில் சாப்பிட்டதோ இட்லியும் தேங்காய்ச் சட்னியும். கையில் தொட்டு வாயில் போட்ட பொருளின் பெயர்தான் சின்னப் பிள்ளைகளிடம் தங்குகிறது. அதனால் நான் சுவடியை மூடிவிட்டு, பிள்ளையை அடுப்படிக்குக் கூட்டிவரச் சொல்வேன்.

முதலில் ஐந்தே பொருள்கள். தண்ணீர், பால், முட்டை, வாழைப்பழம், தயிர் போதும். கையில் கொடுத்து, முகரவிட்டு, பிறகு பெயரைச் சொல்லுங்கள்: வாட்டர், மில்க், எக், பனானா, கர்ட். இட்லி, தோசைக்கு ஆங்கிலம் தேட வேண்டாம். அவை ஆங்கிலத்திலும் இட்லி, தோசைதான்.

இரண்டாவது, பெயரோடு வினையையும் சேர்த்துச் சொல்வது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நாம் சோறும் சாப்பிடுகிறோம், காபியும் சாப்பிடுகிறோம், மாத்திரையும் சாப்பிடுகிறோம். அதே பழக்கத்தில் பிள்ளை ‘ஈட் காபி’ என்று சொல்லும். அது தவறு என்பதைவிட, தமிழில் யோசிக்கிறது என்பதுதான் சரி. ஆகவே ‘மில்க்’ என்று தனியாகச் சொல்லாமல் ‘டிரிங்க் மில்க்’ என்றும், ‘ஈட் தோசை’, ‘டேக் மெடிசின்’ என்றும் ஜோடியாகவே பழக்குங்கள். கூடவே வேலை செய்யவிட்டால் ‘பீல் த பனானா’, ‘போர் த வாட்டர்’ எல்லாம் தானாக வந்துவிடும்.

அப்புறம் சுவை. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கண்ணை மூடச் சொல்லி நாக்கில் ஒரு துளி வையுங்கள். வெல்லம் ஸ்வீட், உப்பு சால்டி, எலுமிச்சை சவர், பாகற்காய் பிட்டர். பாகற்காய்க்கு முகம் சுளிக்கும் அந்த நொடியில் சொன்ன சொல்லை மறக்கவே மாட்டார்கள். துவர்ப்புக்கு ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் சொல் இல்லை, விட்டுவிடலாம். ‘ஹாட்’ என்பதில் மட்டும் கவனம் வேண்டும். சூடும் ஹாட், காரமும் ஹாட். குழப்பம் வராமல் இருக்க, காரத்துக்கு ‘ஸ்பைசி’ என்றே முதலில் சொல்லிக்கொடுங்கள்.

அரிசியிடம் வந்தால் பிள்ளையே கேள்வி கேட்கும். நெல்லுக்கு ஆங்கிலத்தில் ‘பேடி’ என்று தனிச் சொல் உண்டு. ஆனால் அரிசியும் ரைஸ், சோறும் ரைஸ். “ஏன் ரெண்டுக்கும் ஒரே பேர்?” என்று கேட்டால், அதை விதைத்து, அறுத்து, குத்தி, வடித்துச் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் அத்தனை சொல் தேவைப்படும் என்று சொல்லுங்கள். கூடவே, ‘கறி’தான் ஆங்கிலத்தில் ‘கரி’ ஆனது, ‘மிளகுத் தண்ணீர்’ ‘மல்லிகடானி’ என்ற சூப் ஆனது என்பதையும் சொல்லலாம். நம் அடுப்படியிலிருந்தும் அங்கே சொல் போயிருக்கிறது என்று தெரிந்தால் ஆங்கிலத்தின் மேல் உள்ள பயம் குறையும்.

உச்சரிப்பில் இரண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெஜிடேபிள் அல்ல, ‘வெஜ்டபிள்’. பாதாமுக்கு ‘ஆமண்ட்’ என்பார்கள், நடுவில் எழுதும் ‘ல்’ ஒலியைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

கடைசியாக, கேட்கும் முறை. தமிழில் ‘தண்ணி தாங்க’ என்றால் மரியாதை அந்த ‘ங்க’விலேயே வந்துவிடும். ஆங்கிலத்தில் அது தனிச் சொல்லாக வர வேண்டும்: ‘கேன் ஐ ஹேவ் சம் வாட்டர், ப்ளீஸ்?’ வாரம் முழுக்க இந்த ஒரு வாக்கியத்தையே பொருளை மட்டும் மாற்றிப் பழகினால் போதும்.

ஆனால், ‘இங்கிலீஷில் சொன்னால்தான் தருவேன்’ என்று மட்டும் தட்டை இழுத்து வைக்காதீர்கள். பசிக்கிற பிள்ளை எந்த மொழியில் கேட்டாலும் உடனே கொடுங்கள்.

இரவு படுக்கும்போது இன்று என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். ‘ஐ ஈட்டட் தோசை’ என்று வந்தால் திருத்தாமல், “ஓ, யூ ஏட் தோசை! நானும்தான்” என்று சொல்லிவிட்டு விளக்கை அணையுங்கள்.