விரல் மடிப்பை அளக்கும் திரவ உலோக உணரி

விரலை மடிக்கும்போது நீளும் குழாயினுள் இருக்கும் திரவ உலோகத்தின் தடை கூடுவதைப் பார்த்து மடிப்பை அளக்கலாம். யாழ்ப்பாண வெயிலில் தூய காலியம் (gallium) என்ற உலோகமே 29.8 பாகையில் உருகிவிடும். ஆனால் ஏசி அறையில் உறைந்துவிடும், ஆகவே 75.5% காலியம், 24.5% இண்டியம் (indium) என்ற உலோகம் சேர்ந்த கலவையே நல்லது, சுமார் 15.5 பாகை வரை திரவமாகவே இருக்கும்.

உள்விட்டம் 0.3 மி.மீ. கொண்ட 10 செ.மீ. சிலிக்கோன் குழாயில் இந்தக் கலவையை 30 கேஜ் என்ற மெல்லிய ஊசியால் மெதுவாக ஏற்றுங்கள். மறுமுனை திறந்திருக்கட்டும். உள்ளே காற்றுக் குமிழி அகப்பட்டால் இழுக்கும்போது சுற்று அறுந்துபோகும். ஒவ்வொரு முனையிலும் மெல்லிய செப்புக் கம்பிகள் இரண்டை 5 மி.மீ. செருகி, சிலிக்கோன் பசையால் மூடி ஒரு நாள் விடுங்கள்.

தடை 0.4 ஓம் அளவுதான். மல்டிமீற்றர் வயரே அவ்வளவு காட்டும்! எனவேதான் ஒவ்வொரு முனையிலும் இரண்டு கம்பி: முனைக்கு ஒன்றாக எடுத்த ஒரு சோடியில் 100 மில்லிஅம்பியர் அனுப்பி, மற்றச் சோடியில் மின்னழுத்தம் பாருங்கள், சுமார் 40 மில்லிவோல்ற்று வரும். குழாயை ஒன்றரை மடங்கு நீளத்துக்கு நீட்டினால் தடை 2.25 மடங்காகும், ஏனெனில் நீளம் கூடக் குறுக்குவெட்டும் சுருங்கும்.

அலுமினியத் தட்டில் மட்டும் வைக்காதீர்கள். சிந்திய துளி அதை நொறுங்க வைத்துவிடும்.