ஆர்பிஜியில் பார்ட்டியா, சோலோவா? புதியவர்களுக்கான செய்முறை

ஆர்பிஜிக்கு (ஒரு கதாபாத்திரத்தை ஏற்று, வளர்த்து ஆடும் வீடியோ கேம் வகைக்கு) புதிதாக வருபவர்கள் நிறையப் பேர், "நாலு பேரைக் கட்டி மேய்ப்பதைவிட ஒருவனை ஒழுங்காக வளர்த்துவிடலாம்" என்று கணக்குப் போட்டுத் தனி ஆளாகக் கிளம்பிவிடுகிறார்கள். முதல் பெரிய சண்டையிலேயே திணறி, கேம் மோசம் என்று மூடியும் வைத்துவிடுகிறார்கள். கோளாறு அந்தக் கணக்கில்தான். சண்டையின் போக்கைத் தீர்மானிப்பது, ஒரு சுற்றில் உங்கள் பக்கத்துக்கு எத்தனை டர்ன் (ஆடும் முறை) கிடைக்கிறது என்பதே. இது பிடிபட்டால் பார்ட்டி (ஆட்களின் குழு) அமைப்பதும் புரியும், சோலோ (தனி ஆளாக) ஆடுவதும் கைகூடும்.

பால்டர்ஸ் கேட் வரிசை, டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2 (இனி டிவினிட்டி 2) போல இரண்டு விதமாகவும் ஆட இடம் கொடுக்கும் கேம்களுக்கானது இந்த விளக்கம். விட்சர் 3, எல்டன் ரிங் போன்றவை முதலிலிருந்தே ஒற்றை ஹீரோவுக்கென்று கட்டப்பட்டவை. அவற்றில் இந்தக் கேள்வி எழாது. இரண்டு மரபுமே பழையவை. 1981-இல் வந்த விசர்ட்ரி ஆறு பேர் பார்ட்டியோடு வந்தது, அதே ஆண்டு வந்த அல்டிமா ஒற்றை ஹீரோவோடு வந்தது. 1983-இல் அல்டிமா 3 நான்கு பேர் பார்ட்டிக்கு மாறிக்கொண்டது.

படி 1: எக்ஸ்பி பங்காகிறதா என்று பாருங்கள்

எக்ஸ்பி என்பது அனுபவப் புள்ளி; அது சேரச் சேரத்தான் கேரக்டரின் லெவல் ஏறும். அது பங்காகிறதா என்பதைக் கேரக்டர் உருவாக்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சோலோவால் லாபம் உண்டா இல்லையா என்பது பெரும்பாலும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

1998-இல் வெளிவந்த முதல் பால்டர்ஸ் கேட்டில், எதிரியைக் கொன்றால் வரும் எக்ஸ்பி பார்ட்டியில் இருப்பவர்களுக்குப் பங்காகும். 120 எக்ஸ்பி வந்தால் ஆறு பேருக்குத் தலைக்கு 20. தனியாக இருந்தால் 120-உம் உங்களுக்கே. ஒரு ஃபைட்டர் (போர்வீரர்) இரண்டாம் லெவலுக்குப் போக 2,000 எக்ஸ்பி வேண்டும். ஆறு பேர் பார்ட்டி மொத்தமாக 12,000 சேர்த்தால்தான் அந்த ஃபைட்டர் அங்கே போவார். சோலோ ஃபைட்டர் ஆறில் ஒரு பங்கு வேலையில் போய்விடுவார். ஆனால் உச்சவரம்பு ஒன்று இருக்கிறது: எக்ஸ்பான்ஷனோடு சேர்த்து 161,000 எக்ஸ்பி. சோலோ அதை வெகு சீக்கிரம் தொட்டுவிடுவார். அதற்குப் பிறகு லெவல் ஏறாது, எதிரிகள் மட்டும் கடினமாகிக்கொண்டே போவார்கள்.

2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3-இல் நிலைமை தலைகீழ். எக்ஸ்பி பங்காவதில்லை, எல்லோருக்கும் முழுதாகவே வருகிறது. கேம்ப்பில் (முகாமில்) உட்கார்ந்திருக்கும் தோழர்களும் உங்களோடு சேர்ந்தே லெவல் ஏறுகிறார்கள். ஆகவே தனியாகப் போனால் எக்ஸ்பியில் நயா பைசா லாபமில்லை. மற்றவர்களைக் கேம்ப்பில் விட்டுவிட்டு, பின்னால் வேண்டும்போது சேர்த்துக்கொண்டால் அவர்கள் பின்தங்கியிருக்க மாட்டார்கள் என்பது மட்டும் ஆறுதல்.

டிவினிட்டி 2-இல் சோலோவுக்கென்றே லோன் உல்ஃப் என்று ஒரு டேலன்ட் (சிறப்புத் திறன்) உண்டு. அதைப் பற்றிக் கடைசியில் விரிவாக.

படி 2: டர்ன் கணக்கை ஒருமுறை காகிதத்தில் போடுங்கள்

எதிரிகள் நான்கு பேர், ஆளுக்கு 20 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி). உங்கள் ஆள் ஒவ்வொருவரும் ஒரு டர்னில் 10 டேமேஜ் கொடுக்கிறார். முதல் அடி உங்களுடையது. எல்லா அடியும் படுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

நான்கு பேர் பார்ட்டி, இருவர் இருவராகச் சேர்ந்து ஒரே எதிரியை அடித்தால் முதல் சுற்றில் இரண்டு எதிரிகள் காலி. மீதி இருவர் திருப்பி அடிப்பார்கள். இரண்டாம் சுற்றில் அவர்களும் காலி. மொத்தம் வாங்கிய அடி 2.

இதே நால்வர் ஆளுக்கு ஒரு எதிரி என்று பிரித்துக்கொண்டு அடித்தால் முதல் சுற்றில் யாரும் சாகமாட்டார்கள். நான்கு பேரும் திருப்பி அடிப்பார்கள். வாங்கிய அடி 4, அதாவது இரட்டிப்பு. பாதி உயிரோடு இருக்கும் எதிரியும் முழு பலத்தோடுதான் அடிப்பான்.

இப்போது தனி ஆள். சுற்றுக்கு 10 டேமேஜ் என்றால் எட்டுச் சுற்று ஆகும். எதிரிகள் அடிப்பது 4, 3, 3, 2, 2, 1, 1 என்று குறைந்துகொண்டே வரும். கூட்டினால் 16. அத்தனையும் ஒரே உடம்பில். சரி, உங்கள் ஹீரோவை இரண்டு மடங்கு வளர்த்துவிட்டீர்கள், ஒரு டர்னில் 20 டேமேஜ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 3, 2, 1 என்று 6 அடி வாங்கியாக வேண்டும். சோலோ கேரக்டரை வளர்க்கும்போது டேமேஜை மட்டும் ஏற்றினால் ஏன் போதாது என்பதற்கு இந்த 6 தான் பதில்.

படி 3: பார்ட்டியை வேலை பார்த்து அமையுங்கள்

கிளாஸ் (கேரக்டரின் தொழில்) பெயரைப் பார்த்து ஆள் சேர்க்காதீர்கள். முன்னால் நின்று அடி தாங்குவது, எதிரியை முடக்குவது, விழுந்தவரை எழுப்புவது, பூட்டும் பொறியும் பார்ப்பது, பேச்சுவார்த்தை நடத்துவது: இந்த ஐந்து வேலைக்கும் ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவரே இரண்டு வேலை பார்க்கலாம். ஒரு பார்டு (பாணர்) பேசவும் செய்வார், எழுப்பவும் செய்வார்.

பால்டர்ஸ் கேட் 3-இல் உங்கள் ஹீரோ ஃபைட்டர் என்றால் ஷேடோஹார்ட் (கிளெரிக், அதாவது குணப்படுத்தும் பூசாரி), அஸ்டேரியன் (ரோக், பூட்டும் பொறியும் பார்ப்பவர்), கேல் (விசர்ட், அதாவது மந்திரவாதி) மூவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கதைத் தொடக்கத்தில் கப்பல் விழுந்த இடத்தைச் சுற்றியே மூன்று பேரும் கிடைப்பார்கள். ஷேடோஹார்ட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை: அவரிடம் இருக்கும் ஃபயர் போல்ட் என்ற நெருப்பு மந்திரம் இனவழி வந்தது, இன்டெலிஜன்ஸை (அறிவுத்திறனை) வைத்துக் குறிபார்க்கிறது. கிளெரிக்கான அவருக்கு அது குறைவு, அதனால் அடிக்கடி தவறும். அதற்குப் பதில் பிளெஸ் என்ற ஆசி மந்திரத்தைப் போடவையுங்கள். மூன்று பேருக்குப் பத்து டர்ன், ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு சேவிங் த்ரோவுக்கும் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் பகடைக்கும்) ஒரு நான்கு முகப் பகடை கூடும். கன்சன்ட்ரேஷன் (மந்திரத்தை நீடிக்கவைக்கும் கவனம்) உடையாமல் அவரைப் பின்னால் நிறுத்துங்கள்.

தோழர்களின் அமைப்பு பிடிக்கவில்லையா? கடற்கரையை ஒட்டிய கல்லறைக்குள் விதர்ஸ் என்ற பாத்திரம் இருக்கிறார். அவரைக் கண்டுபிடித்துவிட்டால் கேம்ப்பில் வந்து நிற்பார். 100 கோல்டுக்குக் கிளாஸையே மாற்றித் தருவார், இன்னொரு 100-க்குக் கூலி வீரரைத் தருவார், 200-க்கு இறந்தவரை எழுப்புவார்.

படி 4: முதல் பத்துச் சண்டைக்கான ஒழுங்கு

பால்டர்ஸ் கேட் 3-இல் சண்டை தொடங்கும் முன் கீபோர்டில் ஜி பட்டனை அழுத்திப் பார்ட்டியைப் பிரித்து, ஒவ்வொருவரையும் தனித்தனியாக நிறுத்துங்கள். புதியவர்களின் பார்ட்டி பெரும்பாலும் அழிவது கும்பலாக நிற்பதால்தான். நால்வரும் ஒட்டி நின்றால் ஒரே குண்டில் நால்வருக்கும் அடி. வில்லாளியும் விசர்டும் மேடான இடத்தில், ஃபைட்டர் கீழே வழியை அடைத்தபடி, கிளெரிக் இருவருக்கும் எட்டும் தூரத்தில்.

அடிக்கும் வரிசை: முதலில் எதிரிப் பக்கத்து மந்திரவாதி, அடுத்து வில்லாளி, கவசம் போட்ட தடியன் கடைசியில். பக்கத்தில் நிற்பவனை அடிக்கத்தான் கை பரபரக்கும். அவனை ஃபைட்டர் பார்த்துக்கொள்வார்.

ஃபயர்பால் (வெடிக்கும் நெருப்பு உருண்டை மந்திரம்) நம்மவர்களையும் சுடும். கேலை எவொக்கேஷன் என்ற மந்திரப் பிரிவில் வளர்த்தால் இரண்டாம் லெவலிலேயே அந்தப் பிரிவு மந்திரங்கள் நம் ஆட்களைச் சுடாமல் விலகிப்போகும். பேச வேண்டிய இடம் என்று தெரிந்தால் பேச்சுத் திறமை உள்ளவரை முன்னால் நடக்கவிடுங்கள். யாரைத் தேர்ந்தெடுத்துப் போகிறீர்களோ அவர்தான் பேசுவார். முரட்டு ஃபைட்டரை அனுப்பிவிட்டுப் பகடை விழவில்லை என்று வருந்திப் பயனில்லை.

சாமான் விஷயம் சுருக்கமாக: ஹீலிங் போஷனை (உயிர் மீட்கும் மருந்தை) ஒருவரிடமே குவிக்காமல் ஆளுக்கு இரண்டு கொடுங்கள். அவ்வளவுதான்.

படி 5: சோலோவுக்கு ஆள் தேர்வு

பார்ட்டியோடு ஓர் அத்தியாயமாவது முடித்துவிட்டு இதற்கு வாருங்கள். எந்த எதிரி என்ன செய்வான் என்று தெரியாமல் சோலோ போனால் திரும்பத் திரும்ப லோட் செய்வதிலேயே பொழுது போய்விடும்.

படி 2-இன் கணக்கிலிருந்து சோலோவுக்கு மூன்று தேவைகள் வருகின்றன.

முதலாவது, கூடுதல் டர்ன். இதற்கு நேரான வழி சம்மன், அதாவது துணைக்கு ஓர் உயிரை மந்திரத்தால் வரவழைப்பது. ஓர் ஓநாயோ எலும்புக்கூடோ கொடுக்கும் அடியைவிட, அது வாங்கிக்கொள்ளும் அடிதான் உங்களுக்கு லாபம். எதிரிகளின் 6 அடியில் இரண்டை அது வாங்கினாலே சண்டை திரும்பிவிடும்.

இரண்டாவது, முந்திக்கொள்வது. பால்டர்ஸ் கேட் 3-இல் இனிஷியேட்டிவுக்கு (யார் முதலில் ஆடுவது என்பதற்கு) உருட்டுவது நான்கு முகப் பகடைதான். அதனால் நிலையாகக் கூடும் எண்ணுக்கு மதிப்பு மிக அதிகம். அலர்ட் என்ற ஃபீட் (சில லெவல்களில் எடுக்கும் சிறப்புத் திறன்) +5 தருகிறது, யாரும் உங்களைத் திடீரென்று தாக்கி முதல் டர்னைப் பறிக்கவும் முடியாது. நான்காம் லெவலில் சோலோவுக்கு அதைவிடப் பாதுகாப்பான தேர்வு கிடையாது.

மூன்றாவது, முடங்காமல் இருப்பது. நான் சோலோவில் முதலில் பார்ப்பது இதைத்தான், ஹிட் பாயிண்டைக்கூட அல்ல. பார்ட்டியில் ஒருவருக்கு ஹோல்ட் பர்சன் (ஆளை அசையவிடாத மந்திரம்) விழுந்தால் மற்றவர்கள் அந்த மந்திரவாதியை அடித்து விடுவிப்பார்கள். தனி ஆளுக்கு விழுந்தால் நெருங்கி நின்று அடிக்கும் ஒவ்வொரு அடியும் கிரிட்டிக்கல் (கூடுதல் சேதம் தரும் அடி), கேட்க நாதியில்லை. ரெசிலியன்ட் ஃபீட்டால் விஸ்டம் சேவிங் த்ரோவை பலப்படுத்துங்கள். எல்ஃப் அல்லது ஹாஃப்-எல்ஃப் எடுத்தால் மந்திரத் தூக்கம் பிடிக்காது, மயக்கு மந்திரங்களுக்கு எதிராகவும் கூடுதல் சாதகம் உண்டு.

முதல் பால்டர்ஸ் கேட்டில் இதே பாடம் பசிலிஸ்க் என்ற கொடிய விலங்கின் வடிவில் வரும். அது பார்த்தால் கல்லாகிவிடுவீர்கள், ஹீரோ கல்லானால் ஆட்டம் முடிந்தது. ஆனால் கல்லாகாமல் காக்கும் ஸ்குரோலை (மந்திரச் சுருளை) படித்துவிட்டுப் போனால், கிரேட்டர் பசிலிஸ்க் ஒன்றுக்கு 7,000 எக்ஸ்பி, முழுதும் உங்களுக்கே. ஸ்குரோலின் நேரம் முடியும் முன் அதைக் கொல்லும் வேகம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பால்டர்ஸ் கேட் 3-இல் ஹேஸ்ட் (வேகமூட்டும் மந்திரம்) விஷயத்தில் பலரும் தவறுகிறார்கள். கூடுதல் ஆக்ஷன் கிடைப்பதால் சோலோவுக்கு வரப்பிரசாதம் போலத் தெரியும். கன்சன்ட்ரேஷன் உடைந்தால் லெதார்ஜிக் என்ற நிலை வந்து ஒரு டர்ன் கையைக் காலை அசைக்க முடியாது. ஸ்பீடு போஷன் குடித்தாலும் மூன்று டர்ன் முடிந்ததும் அதே கதிதான். மூன்று டர்னுக்குள் சண்டையை முடிக்க முடியும் என்றால் குடியுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

படி 6: சோலோவாகச் சண்டை போடும் முறை

சண்டை தொடங்கும் முன்பே பாதி வேலையை முடித்துவிடுங்கள். பால்டர்ஸ் கேட் 3-இல் ஷிஃப்ட்டும் ஸ்பேஸ்பாரும் சேர்த்து அழுத்தினால் டர்ன் முறை அங்கேயே தொடங்கும். பதுங்கியபடி நெருங்கி முதல் அம்பை விடுங்கள். திடுக்கிட்ட எதிரிகள் முதல் டர்னை இழப்பார்கள், அந்த ஒரு சுற்று உங்களுக்கு இலவசம்.

அடுத்து, கதவு. வாசலின் நடுவில் நிற்காதீர்கள். உள்ளே இருக்கும் வில்லாளிகள் எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். சுவரோடு சுவராக, வாசலுக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். உங்களை அடிக்க வேண்டுமானால் ஒவ்வொருவராக வெளியே வந்தாக வேண்டும். ஐந்து பேர் அடிக்கும் சுற்றில் ஒருவரோ இருவரோதான் எட்டுவார்கள்.

போதிய தூரம் விலகிவிட்டால் ஃப்ளீ பட்டனால் தப்பலாம். ஹிட் பாயிண்ட் பாதிக்குக் கீழே போனதும் யோசிக்கத் தொடங்குங்கள், கால்வாசிக்கு வந்தபின் யோசித்தால் தாமதம். பார்ட்டியில் விழுந்தால் யாராவது கைகொடுத்துத் தூக்குவார்கள். சோலோவில் விழுந்தால் நேராக லோட் ஸ்கிரீன்தான். ஆகையால் ஒவ்வொரு கதவுக்கு முன்னும் சேவ்.

சோலோவுக்கென்று உண்மையான வசதிகளும் உண்டு. நம்மவரைச் சுட்டுவிடுவோமோ என்ற பயமின்றிக் காலடியிலேயே நெருப்பைக் கொட்டலாம். பதுங்கும்போது கனத்த கவசக்காரர் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்க மாட்டார். கிடைக்கும் நல்ல மோதிரம், கவசம் எல்லாம் உங்களுக்கே.

படி 7: முடிவு செய்ய முடியவில்லையா, இருவராகப் போங்கள்

2017-இல் வந்த டிவினிட்டி 2-இன் லோன் உல்ஃப் டேலன்ட், பார்ட்டியில் இருவர் வரை இருந்தாலும் வேலை செய்யும். அதிகபட்ச ஆக்ஷன் பாயிண்ட் (ஒரு டர்னில் செயல்களுக்குச் செலவிடும் புள்ளி) 2 கூடும், வைட்டாலிட்டி (உயிர்ப் புள்ளி) 30%, உடற்கவசம், மந்திரக் கவசம் என்ற இரு வகைக் கவசமும் 60% கூடும். ஆட்ரிபியூட்டிலும் (அடிப்படைப் பண்புகளிலும்) காம்பாட் எபிலிட்டியிலும் (போர்த் திறன்களிலும்) போடும் புள்ளிகள் அவற்றின் உச்சவரம்பு வரை இரட்டிப்பாகும். இருவருமே இதை எடுக்க வேண்டும். மூன்றாவது ஆளைச் சேர்த்த நொடியில் பலன் போய்விடும், கூண்டுக்குள் இருக்கும் யாரோ பாவம் என்று சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

இந்த கேமில் டர்ன்கள் உங்கள் பக்கம் ஒன்று, எதிரிப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி வரும். நீங்கள் ஒருவர், எதிரிகள் ஐவர் என்றால் உங்கள் டர்னுக்குப் பிறகு ஐந்து பேரும் வரிசையாக ஆடுவார்கள். இருவராக இருந்தால் நடுவில் ஒருமுறை உங்களுக்கு இடைவெளி கிடைக்கும். முடக்கப்படவிருந்த முதல் ஆளை இரண்டாம் ஆள் காப்பாற்ற அது போதும்.

கிளாஸ் கேனன் என்ற இன்னொரு டேலன்ட் டர்ன்தோறும் முழு ஆக்ஷன் பாயிண்ட் தருவதாகச் சொல்லி ஆசை காட்டும். அதை எடுத்தால் கவசம் இருந்தும் மயக்கம், உறைதல் போன்றவை நேராக உங்களைப் பிடிக்கும். சிறிய குழுவுக்கு அது ஆகாது. ஒருவருக்கு உடற்கவசத்தை உடைக்கும் ஆயுதம், மற்றவருக்கும் அதே வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உடலடி, ஒருவர் மந்திரம் என்று பிரித்தால் எதிரியின் இரண்டு கவசத்தையும் தனித்தனியாக உடைத்துக்கொண்டிருப்பீர்கள், ஒன்றும் சீக்கிரம் உடையாது. முதல் தீவை விட்டுக் கப்பல் கிளம்பும் முன் இந்த இருவர் யார் என்று முடிவெடுத்துவிட வேண்டும். அங்கே விட்டுச்செல்லும் மற்ற தோழர்களைப் பிறகு சேர்க்க முடியாது.