ஐந்து பெட்டிகளுக்கு ஒரே வரி: ஜாவாஸ்கிரிப்டில் இன்புட்டுகளைக் கொத்தாகக் கையாள்வது

ஆர்டர் படிவங்களில் ‘டெலிவரி முகவரியும் பில் முகவரியும் ஒன்றே’ என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். டிக் செய்ததும் கீழே உள்ள டெலிவரி முகவரியின் பெயர், தெரு, ஊர், பின்கோடு, போன் ஐந்து பெட்டிகளும் நிரப்ப முடியாதபடி மங்கிவிட வேண்டும். இதை முதன்முதலில் எழுதியபோது, பெட்டிக்கு ஒரு ஐடி, ஐடிக்கு ஒரு வரி என்று எழுதினேன். பிறகு ‘மாவட்டம்’ சேர்த்தேன். அதற்கான வரி விட்டுப்போய், அது மட்டும் மங்காமல் நின்றது. அதனால்தான் சொல்கிறேன், பெட்டிகளைத் தனித்தனியாகத் தொடாதீர்கள்.

படி 1: ஐந்தையும் ஒரே ஃபீல்ட்செட் (fieldset, பெட்டிகளைக் குழுவாக்கும் எச்டிஎம்எல்) டேகுக்குள் போட்டு, அந்த டேகுக்கு ஒரு ஐடி கொடுங்கள். டிக் பெட்டி அதற்கு வெளியே இருக்கட்டும். உள்ளே வைத்தால் அதுவும் சேர்ந்து மங்கிவிடும், டிக்கை எடுக்கவே முடியாது.

படி 2: ஐடியை வைத்துத் தேடித் தரும் கெட்எலிமென்ட்பைஐடி (getElementById) மூலம் ஃபீல்ட்செட்டை ‘முகவரி’ என்ற வேரியபிளிலும், டிக் பெட்டியை ‘டிக்’ என்ற வேரியபிளிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வேரியபிள் பெயர் தமிழில் இருந்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றுக்கொள்ளும்.

படி 3: டிக் பெட்டியின் சேஞ்ச் (change) நிகழ்வுக்கு, அதாவது டிக் போடும்போதும் எடுக்கும்போதும் ஓட, ஒரு ஃபங்ஷன் எழுதி, அதற்குள் இந்த ஒரு வரி:

முகவரி.டிஸேபிள்டு = டிக்.செக்டு;

புள்ளிக்குப் பின் வரும் இரண்டு சொற்களையும் எடிட்டரில் ஆங்கில எழுத்தில் (disabled, checked) அடியுங்கள். டிஸேபிள்டு ட்ரூ ஆனால் பெட்டிகள் மங்கும். டிக் இருந்தால் செக்டு தருவது ட்ரூ, இல்லாவிட்டால் ஃபால்ஸ். அது அப்படியே டிஸேபிள்டுக்குப் போவதால் ‘இஃப்’ தேவையே இல்லை. நாளை பத்து பெட்டி சேர்த்தாலும் இந்த வரி மாறாது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மங்கிய பெட்டிகளின் மதிப்பு சர்வருக்குப் போகாது. டெலிவரி முகவரி வராவிட்டால் பில் முகவரியை எடுத்துக்கொள்ளும்படி சர்வர் பக்கம் எழுதியாக வேண்டும். கட்டாயம் நிரப்பியிருக்கிறார்களா என்று பார்க்கும் ரெக்வயர்டு (required) சோதனையும் அந்தப் பெட்டிகளுக்கு நடக்காது. இங்கே நமக்கு அதுதான் வேண்டும்.

சரி, ‘அனைத்தையும் தேர்ந்தெடு’ பெட்டிக்கும் இதே வழியா? இல்லை. டிஸேபிள்டு மாதிரி செக்டு ஃபீல்ட்செட்டிலிருந்து உள்ளே இறங்காது. கொயரிசெலக்டர்ஆல் (querySelectorAll) மூலம் டிக் பெட்டிகளை எல்லாம் எடுத்து, ஃபார்ஈச் (forEach) சுற்றில் ஒவ்வொன்றின் செக்டையும் மாற்றுங்கள். அப்படி நிரல் வழியாக மாற்றும்போது சேஞ்ச் நிகழ்வு கிளம்பாது. பெட்டிகளின் சேஞ்சில் மொத்தத் தொகையைக் கூட்டுகிறீர்கள் என்றால், சுற்று முடிந்ததும் அந்தக் கூட்டும் ஃபங்ஷனை நீங்களே ஒருமுறை அழையுங்கள்.